ஓட்டு சுற்றிச் சுற்றி வந்தால் ஃபஸ்ஸி மேட்ரிக்ஸ் போடுங்கள்

மூன்று பேர், மூன்று தேர்வுகள். முதல் ஆளின் வரிசை அ, ஆ, இ. அடுத்தவருக்கு ஆ, இ, அ. மூன்றாமவருக்கு இ, அ, ஆ. இரண்டிரண்டாக மோதவிட்டால் அ–ஆ மோதலில் அ, ஆ–இ மோதலில் ஆ, அ–இ மோதலில் இ என்று ஒவ்வொன்றும் 2–1 கணக்கில் ஜெயித்து, கடைசியில் யாரும் ஜெயிக்காமல் நிற்கும். காண்டோர்செட் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1785-லேயே எழுதிவைத்த தலைவலி இது.

எது பிடிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு பிடிக்கும் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண்: 0.5 என்றால் இரண்டும் ஒன்றுதான், 1 என்றால் முதலாவதுதான், பேச்சே இல்லை. அ–ஆவுக்கு 0.6 என்றால் ஆ–அவுக்குத் தானாகவே 0.4, அதனால் மூன்று தேர்வுக்கு ஆளுக்கு மூன்று எண் போதும். இந்த எண்களை அட்டவணையாகப் போட்டால் அதுதான் ஃபஸ்ஸி மேட்ரிக்ஸ்.

அ–ஆ, ஆ–இ, அ–இ என்ற வரிசையில் முதலாமவர் 0.6, 0.6, 0.7 சொல்கிறார். இரண்டாமவர் 0.2, 0.6, 0.3. மூன்றாமவர் 0.9, 0.2, 0.3.

மூவரின் எண்களையும் ஒன்றுசேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரின் எண்களுக்குள்ளும் முரண் இருக்கிறதா என்று பாருங்கள், பலர் தாண்டிப் போவது இங்கேதான். முதல் இரண்டு எண்களைக் கூட்டி 0.5 கழித்தால் மூன்றாவது வர வேண்டும் (டனினோ என்ற ஆய்வாளர் 1984-இல் எழுதிய நிபந்தனை). முதல் இருவருக்கும் சரியாக வருகிறது, மூன்றாமவருக்கு மட்டும் 0.3 வர வேண்டிய இடத்தில் 0.6. நீங்களாகத் திருத்தாதீர்கள், அவரிடமே திரும்பக் கேளுங்கள். 0.9 அவசரத்தில் சொன்னது, 0.6-தான் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் சராசரி: 0.47, 0.47, 0.43. ஒவ்வொரு தேர்வும் மற்ற இரண்டுக்கு எதிராகப் பெற்றதைக் கூட்டினால் அ 0.9, ஆ 1.0, இ 1.1. ஓட்டில் முடியாதது இங்கே முடிந்துவிட்டது, இ-தான். அந்த 0.9-ஐ அப்படியே விட்டிருந்தாலும் இ-தான் முதலில், ஆனால் அ 1.0, ஆ 0.9 என்று இரண்டாம் இடம் கை மாறியிருக்கும்.

சராசரிக்குப் பதில் யாகர் என்ற ஆய்வாளர் 1988-இல் கொடுத்த ஓ.டபிள்யூ.ஏ. (Ordered Weighted Averaging, அடுக்கி எடைபோட்ட சராசரி) முறையும் உண்டு. எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, ஆளுக்கு இல்லாமல் இடத்துக்கு எடை கொடுப்பது. 'பெரும்பாலோர்' என்பதைக் கணக்கில் கொண்டுவர வசதி. ஆனால் அதன் பிறகு அ–ஆவும் ஆ–அவும் சேர்ந்து 1 வராமல் போகலாம், அதைக் கவனியுங்கள்.

முடிவை அறிவிக்கும் முன் ஒவ்வொருவரின் எண்ணும் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். இங்கே மூவருக்குமே ஏதோ ஒரு ஜோடியில் 0.27 இடைவெளி, அதனால் இ ஜெயித்தாலும் இன்னொரு சுற்று பேசவைத்து எண்களைத் திரும்ப வாங்குவேன்.