அடகுக் கடையின் பழைய சி நிரலை லினக்ஸில் ஓடவைத்தது

காரைக்குடியில் ஒரு நகை அடகுக் கடை. அதன் கணக்கு நிரல் 32 பிட் யூனிக்ஸுக்காக சி மொழியில் எழுதியது. அதை 64 பிட் லினக்ஸுக்கு மாற்ற வேண்டும். "தம்பி, பழைய கணக்கு ஒரு பைசா மாறக் கூடாது" என்றார் கடைக்கார ஆச்சி.

கம்பைல் செய்வது, அதாவது நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது, எளிதாகவே முடிந்தது. முகவரியைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்கள் அறிவிக்கப்படாத இடங்களில் ஜிசிசி 14 கம்பைலர் பிழை காட்டி நின்றது, அந்த அறிவிப்புகள் உள்ள ஹெட்டர் ஃபைலைச் சேர்த்தேன். பழைய ஜிசிசி என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடும், அப்புறம் 8 பைட் முகவரி 4 பைட்டாக வெட்டுப்பட்டு நிரல் ஓடும்போது விழலாம். இந்தக் கண்டிப்பே மேல்.

வம்பு டேட்டா ஃபைலில்தான். ஆள் பெயர் சரியாக வந்தது, அடகுத் தொகையோ கோடி கோடியாக! ஒரு பதிவின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டை, ஃபைலில் எழுதும் எஃப்ரைட் ஃபங்ஷன் போட்டு நினைவகத்தில் இருந்தபடியே எழுதியிருந்தார்கள். தொகை 'லாங்' என்ற எண் வகை: பழைய யூனிக்ஸில் 4 பைட், இந்த லினக்ஸில் 8. பக்கத்திலிருந்த தேதியையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்துவிட்டது. லினக்ஸின் 'ஓடி' (od) கட்டளையில் பைட்டுகளை விரித்துப் பார்த்ததும் புரிந்தது. சரி, ஸ்ட்ரக்டில் இருந்த லாங் எல்லாவற்றையும் எங்கும் 4 பைட்டாகவே இருக்கும் இன்ட்32_டி வகை ஆக்கினேன். பதிவின் நீளம் மாறினால் கம்பைல் ஆகாதபடி ஸ்டேடிக் அசர்ட் என்ற ஒரு சோதனை வரியும் வைத்தேன். பிறகு ஆச்சி பேரேட்டை வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். தொகைகள் பைசா வரை ஒத்துப்போயின.