பெட்டி மாட்டியதும் தொடங்கிய கரகரப்பு

புது அட்வென்ச்சர் பைக்கில் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிச் சாமான் ஏற்றியதும், குழியில் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு கரகரப்பு. பெட்டி ஸ்டாண்டின் போல்ட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. அப்புறம்தான் செயினைப் பார்த்தேன்.

இந்த வகை பைக்கில் சஸ்பென்ஷன் நிறைய ஏறி இறங்கும். முன் ஸ்ப்ராக்கெட் (எஞ்சின் பக்கம் செயினை இழுக்கும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்மின் பிவட் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை அசையும் அச்சு), பின் ஆக்சில் (பின்சக்கர அச்சு) மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் விறைத்துவிடும். வண்டி சும்மா நிற்கும்போது கச்சிதமாகத் தெரியும் செயின், சுமையில் அமுங்கியதும் பேரிங்கையே இழுக்கும்.

பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே தொய்வை அளந்தேன்; போதவில்லை. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, செயின் இறுக்கத்தை மாற்றும் இரு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று கால் சுற்றாகச் சமமாகத் தளர்த்தினேன். சக்கரம் தானாக முன்னால் வராது. டயரைக் காலால் ஓர் உந்து உந்த வேண்டும். கையேட்டில் சொன்ன தொய்வு வந்ததும், இரு பக்கக் குறிகளையும் சரிபார்த்து, டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு முடுக்க உதவும் ஸ்பேனர்) நட்டை முடுக்கினேன். கரகரப்பு போயே போச்சு.

செயினைத் துடைக்க மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் ஓ-ரிங்கை, அதாவது செயின் கண்ணிகளுக்குள் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையத்தை, கெடுக்கும். எஞ்சினை ஓடவிட்டுத் துடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், விரல் போய்விடும். செயின் லூப்பை (மசகு ஸ்ப்ரே), ஓட்டி வந்த சூட்டோடு, எஞ்சினை அணைத்துவிட்டு, செயினின் உட்பக்கம் அடிக்கிறேன்.