காந்தம் ஒட்டாத ஸ்டாண்டும் கறை பிடித்த வேட்டியும்

குளச்சலில் எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். மொட்டைமாடியில் துணி காயப்போட 650 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கினேன். "காந்தம் ஒட்டல்ல பாத்தியளா, நல்ல எவர்சில்வராக்கும்" என்றார் கடைக்காரர். ஒட்டவில்லைதான். ஆனிச் சாரல் ஓய்வதற்குள் வெள்ளை வேட்டியில் துருக்கறை. இரண்டு வருடத்தில் மூன்று ஸ்டாண்ட், 1,950 ரூபாய். கெட்டுப்போன வேட்டிகள் தனிக்கணக்கு.

காந்தத்தை நம்பியதுதான் முதல் தவறு. எவர்சில்வரில் 202, 304 என்ற இரண்டு தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்ததுதான் 202. பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு 202-ஐச் சீக்கிரம் அரித்துவிடும். கடலோரத்தில் 304-ஐக்கூட அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் தாங்கும், விலையும் கூட.

அதற்காக 202 ஏமாற்றுச் சரக்கு என்று சொல்லமாட்டேன். குலசேகரத்தில் சித்தி வீட்டில் அதே ஸ்டாண்ட் இன்னும் நிற்கிறது. அங்கே மழை உண்டு, கடல் கிடையாது. ஊர் பார்த்து வாங்காததுதான் என் பிழை.

மலிவென்று வாங்கினால் பின்னால் வரும் செலவு, மின்விசிறியில் கண்ணுக்கே தெரியாது. பழைய மாதிரி விசிறி 75 வாட், பிஎல்டிசி என்ற பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த விசிறி 30 வாட் அளவில் ஓடும். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் வித்தியாசம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு இலவச யூனிட் போக மீதிக்குக் கட்டணப் படியே மாறிவிடுவதால் இது சின்ன விஷயமில்லை.

ஹெல்மெட்டில் மட்டும் பேரமே வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையைப் போலியாக ஒட்டுவது எளிது. முத்திரைக்கு மேலே ஹெல்மெட்டுக்கான தர எண் ஐஎஸ் 4151, கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா பாருங்கள். அந்த உரிம எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

விலை கூடினால் தரமும் கூடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் கூடைகள் வெயிலில் நொறுங்கி எத்தனையோ போயின. விலை குறைந்த பனையோலைக் கடவம் ஒன்றே எல்லாவற்றுக்கும் ஈடு கொடுத்தது. இற்றதும் தென்னை மூட்டில் போட்டோம், உரமாயிற்று.

"பில் போட்டா ஜிஎஸ்டி சேருமே" என்பார்கள். சேரட்டும். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. நான்காவது ஸ்டாண்டு வாங்கும்போது பில்லில் '304' என்று எழுதித் தரச் சொன்னேன். முதல் கடையில் பேனா எழவில்லை. அடுத்த கடையில் எழுதிக் கொடுத்தார்கள்.