டிரான்ஸ்ட்ரெம் கிட்டாரில் மாற்று ட்யூனிங் வைப்பது எப்படி

கிட்டாரின் சாதாரண ட்ரெமலோ கையை (தந்திகளின் சுதியை ஏற்றி இறக்கும் நெம்புகோலை) அழுத்தினால் ஆறு தந்திகளும் ஆறு வேகத்தில் இறங்கும். பிடித்திருந்த கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) குலைந்துவிடும். நெட் ஸ்டைன்பெர்கர் 1980-களில் தமது தலையற்ற கிட்டார்களுக்காக வடிவமைத்த டிரான்ஸ்ட்ரெம் என்ற ட்ரெமலோ, ஒவ்வொரு தந்தியையும் அதற்குத் தேவையான அளவு மட்டுமே நகர்த்துவதால், கார்டு முழுவதும் ஒரே இடைவெளியில் ஏறி இறங்குகிறது. அதன் கையை வழக்கமான ஈ நிலையிலிருந்து மேலே எஃப் ஷார்ப், ஜி ஆகிய இரண்டிலும், கீழே டி, சி, பி ஆகிய மூன்றிலும் பூட்டி வைக்கலாம். கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் 1986-இல் வெளிவந்த தமது குழுவின் இசைத்தொகுப்பில் இந்த வசதியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ ட்யூனிங்குக்காகப் போடப்பட்டது. ஒரு தந்தியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஈ தந்தியை டி-க்கு இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 21 விழுக்காடு குறைந்துவிடும். தந்தியைத் தாங்கும் சாடில் நகரும் தூரமோ பழையபடியே இருப்பதால், தளர்ந்த தந்தி மற்றவற்றைவிட அதிகமாக இறங்கும், அதிகமாக ஏறும்.

ட்ராப் டி (ஆறாவது ஈ தந்தியை மட்டும் டி-க்கு இறக்கிய ட்யூனிங்) வைத்துவிட்டுக் கையை டி நிலையில் பூட்டிப் பாருங்கள். மேல் ஐந்து தந்திகளும் ஒழுங்காக ஒரு முழுச்சுரம் இறங்கியிருக்கும். ஆறாவது மட்டும் கணக்குப்படி இன்னும் 60 சென்ட் (அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவு கீழே தொங்கும். பி நிலையில் பூட்டினால் ஏ-யில் நிற்கவேண்டிய அந்தத் தந்தி ஜி-யை ஒட்டிப் போய்விடும். கருவியில் பழுது என்று எண்ணி ஸ்குரூ டிரைவரைத் தேடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள்.

ட்யூனிங்கைத் தொடங்குமுன் இரு முனையிலும் குண்டு கொண்ட டபுள் பால் தந்திகளில் கேலிபரேட்டட் வகையைப் பொருத்துங்கள். அவற்றின் நீளம் துல்லியமாக வெட்டப்பட்டிருப்பதால், சுதி சேரும்போது சாடில் தனக்குரிய இடத்தில் வந்து நிற்கும். பிறகு கையை ஈ நிலையில் பூட்டிக்கொண்டே சுதி சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்டாமல் ஆறாவது தந்தியைத் தளர்த்தினால், ஸ்பிரிங்கின் சமநிலை மாறி மற்ற ஐந்தும் மேலே ஏறும்; அவற்றை இறக்கினால் மீண்டும் ஆறாவது ஏறும், இப்படியே ஒரு மாலைப்பொழுது போய்விடும். எல்லாம் சேர்ந்த பிறகு பூட்டை எடுத்து, கை தானாக ஈ நிலையிலேயே நிற்கும் வரை ஸ்பிரிங்கைச் சரிசெய்யுங்கள்.

எல்லாத் தந்திகளையும் சமமாக இறக்குவதே இருப்பதில் எளிய வழி. ஆறையும் அரைச்சுரம் இறக்கி ஈ ஃபிளாட்டில் வைத்தால் எல்லா இழுவிசைகளும் ஒரே விகிதத்தில் குறைவதால், கார்டு எந்த நிலையிலும் குலையாது. பூட்டுகள் மட்டும் சற்றுத் தாண்டிப் போகும்: டி பூட்டு இரண்டு அரைச்சுரத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 2.3 அரைச்சுரம் இறக்கும். தனியாக வாசிப்பவருக்கு அது பெரிய குறையில்லை. கீபோர்டு உடன் இருந்தால் பூட்டைத் தொடாமலிருப்பதே நல்லது. இன்னும் ஆழமான சுதிதான் வேண்டுமென்றால், வழக்கமான ட்யூனிங்கிலேயே கையை பி-யில் பூட்டிவிடலாம். அதற்காகத்தானே அந்தப் பூட்டு இருக்கிறது.

தனித் தந்தியை மாற்றியே ஆகவேண்டுமானால், அது சுற்றுத் தந்தியா (உள்கம்பியின்மேல் மெல்லிய கம்பி சுற்றியது), வெற்றுத் தந்தியா (ஒற்றைக் கம்பி) என்று முதலில் பாருங்கள். சுற்றுத் தந்திக்கு ஓரளவு பரிகாரம் உண்டு. டி-க்கு இறக்கும் ஆறாவது தந்தியில் 0.046 அங்குலத்துக்குப் பதிலாக 0.052 அங்குலத் தந்தியைப் போட்டால் இழுவிசை பழைய அளவுக்குத் திரும்பும். உள்கம்பியின் தடிமனும் பழையபடியே இருந்தால் நகர்வும் சரியாகிவிடும், உள்கம்பி தடித்திருந்தால் பிழையில் ஒரு பகுதி மிஞ்சும். வெற்றுத் தந்தியில் இந்த வித்தை பலிக்காது. அங்கே தடிமன் கூடினால் இழுவிசையும் விறைப்பும் ஒரே அளவில் கூடுவதால், எத்தனை தடித்த தந்தியைப் போட்டாலும் பிழை அப்படியே நிற்கும்.

அதனால் டி-ஏ-டி-ஜி-ஏ-டி போன்ற ட்யூனிங்கில், முதல் இரண்டு வெற்றுத் தந்திகளும் இறங்கியிருப்பதால், பூட்டுகளை மறந்துவிடுங்கள். கையை மெல்ல ஆட்டும் விப்ராட்டோ மட்டும் பயன்படும்: 20 சென்ட் ஆட்டத்தில் தளர்ந்த தந்திகள் 25 சென்ட் ஆடும், அந்த வேறுபாட்டைக் காது பெரிதாகப் பொருட்படுத்தாது. சில தந்திகளை ஏற்றிவைக்கும் ஓப்பன் ஈ (ஈ-பி-ஈ-ஜி ஷார்ப்-பி-ஈ) ட்யூனிங்கில் நிலைமை தலைகீழ். இறுக்கிய தந்திகள் பின்தங்கும். டி பூட்டில் ஏ-யிலிருந்து பி-க்கு ஏற்றிய ஐந்தாவது தந்தி ஏறத்தாழ 45 சென்ட் குறைவாகவே இறங்கும்.

இந்த எண்கள் எல்லாம் கணக்கில் வருபவை. உங்கள் தந்திகளுக்கான உண்மையை ட்யூனர்தான் சொல்லும். புதிய ட்யூனிங் வைத்ததும் ஒவ்வொரு பூட்டிலும் ஆறு தந்திகளையும் தனித்தனியே மீட்டி, எத்தனை சென்ட் விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 10 சென்ட்டுக்குள் நிற்கும் தந்திகளை மட்டும் சேர்த்துக் கார்டுகளை அமைத்து, மற்றவற்றை அந்தப் பூட்டில் உள்ளங்கையால் அமர்த்திவிட்டால், ட்ராப் டி-யில்கூட நான்கைந்து நிலைகள் தாராளமாகப் பயன்படும்.