லிங்கனைப் பற்றிப் பேசப் போகும் பிள்ளையை எப்படிப் பழக்குவது

ஒட்டுசுட்டானுக்கு அருகே சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். ஆபிரகாம் லிங்கன் என்று தலைப்பு வந்தால் போதும், மரக்குடிலில் பிறந்தவரை அடுத்த வரியிலேயே ஜனாதிபதி ஆக்கிவிடுவார்கள். நடுவில் அவர் வழக்கறிஞராகவும் இலினோய் மாநிலச் சட்டசபை உறுப்பினராகவும் இருந்த காலம் காணாமல் போய்விடும். பேச்சை அங்கே வையுங்கள்.

முதலில் அவர் சட்டம் படித்த ஊரைச் சொல்ல வேண்டும். நியூ சேலம். அங்கே 300 பேர்கூட ஒருபோதும் இருந்ததில்லை என்று, சட்டம் படிக்க விரும்பிய ஒருவருக்கு 1855இல் லிங்கனே எழுதினார். படிக்கிற காலத்தில் பெரிய பட்டணத்தில் இருக்கத் தேவையில்லை என்பதற்கு அவர் காட்டிய சான்று அது. குளத்தடியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வரி உடனே விளங்கும். சட்டப் புத்தகம் இரவல் வாங்க அவர் ஸ்பிரிங்பீல்டுக்குப் போவார். 32 கிலோமீற்றர் என்றால் மனதில் நிற்காது. மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டானையும் தாண்டி நடப்பது போல என்று சொல்லக் கொடுங்கள். புத்தகம் கொடுத்த ஜோன் ஸ்ருவர்ட்டோடு சேர்ந்துதான் 1837இல் தொழில் தொடங்கினார். சட்டக் கல்லூரிக்குப் போனவரே அல்ல.

தோல்வியை விட்டுவிடாதீர்கள். 1832இல் சட்டசபைத் தேர்தலில் 13 பேரில் எட்டாம் இடம். ஆனால் சொந்த ஊரில் விழுந்த 300 வாக்கில் 277 அவருக்கு. இந்த இடத்தில் பிள்ளை கொஞ்சம் நிறுத்தட்டும். 1834இல் வென்றார், தொடர்ந்து நான்கு தவணை.

1837இல் அவரும் சக உறுப்பினர் டான் ஸ்ரோனும் அடிமைமுறை அநீதி என்று சபையில் எழுத்தில் பதிந்தார்கள். அதே பத்திரத்தில், அடிமை ஒழிப்புப் பிரசாரம் தீமையைக் கூட்டும் என்றும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசப் பழக்காதீர்கள், பிள்ளைகள் தாங்குவார்கள்.

நீதிபதியோடு குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்காடியதை ஒரு வரியில் சொன்னால் போதும். நேரத்தை 1858ஆம் ஆண்டுக் கொலை வழக்குக்கு வையுங்கள். உச்சி நிலா வெளிச்சத்தில் கண்டேன் என்றார் சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிய லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். அந்த நேரம் நிலா மறைகிற நிலையில் தாழ்ந்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார்.

பஞ்சாங்கம் எங்கள் வீடுகளில் ஆணியில் தொங்குகிற பொருள். போட்டியன்று ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். சாட்சி பேசும்போது பிள்ளையின் கை வானத்தைக் காட்டட்டும். லிங்கன் பேசும்போது மெல்ல இறங்கி, பஞ்சாங்கத்தைத் திறக்கட்டும்.