கொடை மேடையில் மேஜிக்: புதிதாக இறங்குகிறவர்களுக்கு

ஊர்க்கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, ஷோ ஒத்துக்கொண்ட தம்பிமார் போன் போட்டு முதலில் கேட்பது, "என்ன ஐட்டம் கொண்டு போகட்டும் அண்ணாச்சி?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "மேடைக்குப் பின்னால என்ன இருக்கு?"

கல்யாண மண்டபத்தில் முதுகுக்குப் பின்னால் சுவரோ திரையோ இருக்கும். கொடையில் அங்கே பொங்கல் பானை கொதிக்கும், மதில்மேல் பையன்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மேஜையின் பின்பக்கம் அவர்களுக்கு அப்படியே தெரியும். அதனால் பொழுது இருக்கும்போதே போய், மேடையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். மூன்று கயிறு, வளையம், முட்டைப் பை (முட்டை மறைந்து திரும்பி வருகிற பை) மூன்றும் நாலு பக்கமும் ஆள் நின்றாலும் தாங்கும். கண்ணாடி வைத்த பெட்டியையும் நூல் ஐட்டத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பின்னால் சீரியல் செட் மினுக்கினால் எவ்வளவு மெல்லிய நூலும் காட்டிக்கொடுத்துவிடும். சீட்டு மூன்றாவது வரிசையைத் தாண்டாது. பெரிய அளவு ஜம்போ சீட்டு என்றால் செய்யலாம். ஆனி ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஷோ என்றால் சில்க் கைக்குட்டையை நம்பாதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

கூட்டம் ஒரே கூட்டமாக இருக்காது. பஜ்ஜி வாங்கப் போவான், ராட்டினத்துக்குப் போவான், திரும்பி வருவான். நீளமாகக் கதை சொல்லிக் கடைசியில் கட்டவிழ்க்கிற ஐட்டம் இங்கே எடுபடாது. நான் நம்புவது ஒரு சொம்பைத்தான். வங்காள மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் (1913–1971) பிரபலமாக்கிய 'வாட்டர் ஆஃப் இந்தியா': சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டி ஓரமாக வைக்க வேண்டும், ஒவ்வொரு ஐட்டம் முடிந்ததும் மறுபடி கொட்டினால் மறுபடி தண்ணீர். பாதியில் வந்தவனுக்கும் இரண்டாவது முறையே புரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பிள்ளைகளே "சொம்பு, சொம்பு" என்று கத்த ஆரம்பிப்பார்கள். எப்போது கொட்டுவது என்பதை அவர்கள் கையில் விட்டுவிடலாம்.

அடுத்தது மைக். கையில் பிடிக்கிற மைக் ஒரு கையைத் தின்றுவிடும். காலர் மைக் மேளத்தையும் சேர்த்து இழுக்கும். சொந்தமாக ஒரு ஹெட்செட் மைக் வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி இரண்டு செட். தெருக்கோடியில் கட்டிய குழாயிலிருந்து உங்கள் குரல் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பி வரும். ஜோக் சொன்னால் அது வந்து சேரும்வரை வாயை மூடி நிற்க வேண்டும். அடுத்த வரியை அவசரப்பட்டுச் சொன்னால் இரண்டும் குழம்பும். மைக்செட் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பாட்டு ஏற்றிய பென்டிரைவை வரிசை நம்பர் போட்டுக் கையில் கொடுங்கள். இல்லையென்றால் புறா வருகிற இடத்தில் குத்துப்பாட்டு வரும்.

புறா என்றதும் ஒன்று. 2001ஆம் வருட விதிப்படி வித்தைக்குப் பயன்படுத்தும் உயிரினங்களை விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பச்சைக்கிளி வளர்ப்பதே வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். பஞ்சுப் புறா போதும். குப்பென்று பற்றி எரிகிற ஃபிளாஷ் பேப்பரைக் கீற்றுப் பந்தலுக்கு அடியில் எடுக்கவே கூடாது.

நோட்டீஸில் எட்டு மணி என்று போட்டிருந்தால் ஒன்பதரைக்கு மேடை கிடைக்கும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாவுக்கென்று பன்னிரண்டுவரை தனி அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கமிட்டியிடம் முதலிலேயே கேளுங்கள். முக்கால் மணி ஷோ ஒன்று, கால் மணி ஷோ ஒன்று, இரண்டையும் தயாராக வைத்திருங்கள். சாமக்கொடை (நடுச்சாமப் பூஜை) மேளம் தொடங்கிவிட்டால் பாதி ஐட்டமாக இருந்தாலும் கும்பிட்டு நிறுத்திவிட வேண்டியதுதான். அருள் வந்து ஆடுகிறவர் முன்னால் உங்கள் வளையத்தை யார் பார்ப்பார்கள்? வெறுங்கையில் விபூதி வரவழைக்கிற வேலையும் கோயில் மேடையில் வேண்டாம். கைதட்டுவதற்குப் பதில் காலில் விழ வருவார்கள். பிறகு அது வித்தைதான் என்று சொன்னால் கோபப்படவும் செய்வார்கள்.

பையனை மேடைக்குக் கூப்பிட்டால் பேரைக் கேளுங்கள், படிப்பைக் கேளுங்கள். எந்தத் தெரு, யார் மகன் என்று மைக்கில் கேட்காதீர்கள். பேச்சுக்காகக் கேட்டாலும் ஊரில் அது சாதி விசாரிக்கிற கேள்வி. அந்தப் பையனை வைத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கலாம். அவனைப் பார்த்துச் சிரிக்க வைக்கக் கூடாது. அம்மா கீழேதான் உட்கார்ந்திருப்பாள்.

மீதிப் பணத்தை மேடை ஏறும் முன்னால் வாங்கிவிடுங்கள். முடிந்தபிறகு பொருளாளர் அன்னதானப் பந்தியில் நிற்பார், போனை எடுக்க மாட்டார். கடைசிக் கைதட்டல் ஓய்வதற்குள் பெட்டியைப் பூட்டுங்கள். பிள்ளைகள் மேடை ஏறிவிடுவார்கள். சொம்பைத் தனியாகத் துணியில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள்.