ஹெரால்டு சஸ்பென்ஷனில் கை வைக்கும் முன்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கியவர்கள் பலரும் முதலில் செய்வது, பின்பக்கம் தொங்குகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங் பட்டையை வளைத்து, கூடவே இன்னொரு பட்டையும் சேர்க்கச் சொல்வதுதான். அம்பாசடரில் அப்படிச் செய்தால் சவாரி கொஞ்சம் முரடாகும், அவ்வளவுதான். ஹெரால்டில் செய்தால் வளைவில் கார் உங்கள் கையை விட்டுப் போகும்.

காரணம் பின்பக்க அமைப்பு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் தயாரித்தார்கள். அதில் பின்னால் இருப்பது ஸ்விங் ஆக்ஸில். டிஃபரென்ஷியல் (என்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸிஸோடு, அதாவது காரின் அடிச்சட்டத்தோடு, இறுகி நிற்கும், அதன் தலையில் குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங், இரண்டு சக்கரங்களும் டிஃபரென்ஷியல் பக்கத்து ஜாயின்ட்டை மையமாக வைத்து மேலும் கீழும் ஆடும். பின்பக்கம் உயர உயர சக்கரத்தின் அடி உள்ளே இழுத்துக்கொள்ளும். வளைவில் கொஞ்சம் வேகமாகப் போய், பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கும், பின்பகுதி சட்டென்று வெளியே வீசும். கூடுதல் பட்டை போட்டவர் நின்ற இடத்திலேயே அந்த நிலைக்குப் பாதி தூரம் போய்விட்டார். 1972-ல் கேஸல் என்ற அடுத்த மாடல் வந்தபோது கம்பெனியே இதை விட்டுவிட்டு இரண்டு சக்கரங்களும் ஒரே விறைப்பான அச்சில் நிற்கும் சாதாரண லைவ் ஆக்ஸிலுக்கு மாறிக்கொண்டது.

ஆக, ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் அதே அளவில் புதிதாகச் செய்து போடுங்கள், உயரத்தைக் கூட்டாதீர்கள். ஆட்கள் உட்கார்ந்த பிறகு பின்சக்கரங்கள் நேராகவோ, மேல்பக்கம் இம்மியளவு உள்ளே சாய்ந்தோ நிற்க வேண்டும். இதைப் பார்க்கும்போது இன்னொரு விஷயம்: ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே பார்த்தால் சக்கரங்கள் கோணலாகத்தான் இருக்கும். காரைக் கொஞ்ச தூரம் உருட்டிய பிறகு பாருங்கள்.

நிஜமாகவே மேம்படுத்த வேண்டும் என்றால் நல்ல வழி ஒன்று உண்டு. 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் ட்ரையம்ஃப் போட்ட ஸ்விங் ஸ்பிரிங். இதில் அடிப்பட்டை மட்டும்தான் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும், மற்றவை நடுவில் ஊஞ்சல் மாதிரி சாயும், அதனால் வளைவில் பின்பக்கம் எழும்புவது பெருமளவு குறையும். ஆனால் இதை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு நிறுத்துவதுதான் அடுத்த தவறு. கார் ஒரு பக்கமாகச் சாய்வதைத் தடுக்கும் வேலையில் பழைய ஸ்பிரிங்குக்கு ஒரு பங்கு இருந்தது, புதியதில் அது குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட ட்ரையம்ஃப் முன்னால் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரைத் தடிமனாகச் செய்து சேர்த்தே போட்டது. இரண்டும் ஒரு ஜோடி, பிரிக்காதீர்கள்.

முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பருக்குச் செலவு செய்வதற்கு முன்னால் ட்ரன்னியனைப் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க்கின் அடிமுனை மரை போட்டு ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திரும்பும்போது அந்த மரைதான் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைக்கிற பழக்கம் நம் மெக்கானிக்குகளுக்கு உண்டு, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் கிரீஸ் உள்ளே கட்டியாகிப் போனால் மரைக்கு எதுவும் போய்ச் சேராது, தண்ணீர் புகுந்து துரு ஏறும், ஒருநாள் லிங்க் முறிந்து முன்சக்கரம் படுத்துவிடும். அதே கன்னில் ஆயில் ஊற்றி, பழையது பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். மரையில் துரு தின்றிருந்தால் லிங்க்கையே மாற்றுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

அப்புறம் புஷ், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் குழல். ரப்பர் புஷ் புதிதாகப் போட்டு, கார் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மாட்டிவிட்டு, சக்கரம் தரையில் காரின் எடையைத் தாங்கும்போது கடைசி இறுக்கு இறுக்குங்கள். முன்பக்கக் கீழ் விஷ்போன் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் V வடிவக் கை) பிராக்கெட்டுக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் இருக்கும். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணமான கேம்பர் அதில்தான் சரிசெய்யப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்துவைக்காமல் கழற்றிக் கொட்டிவிட்டால் அலைன்மென்ட் கடைக்காரரும் கையை விரித்துவிடுவார்.

கடினமான ஸ்பிரிங், அட்ஜஸ்டபிள் ஷாக் எல்லாம் ஆசையாகத்தான் இருக்கும். நம் சாலைப் பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் துள்ளினால் அந்த இறுக்கத்தால் என்ன பயன்? அட்ஜஸ்டபிள் வாங்கினாலும் மெதுவான பக்கத்திலேயே ஆரம்பியுங்கள்.

டயர் நாலும் ஒரே வகையாக இருக்கட்டும், முன்னால் ரேடியல் பின்னால் பழைய வகை டயரான கிராஸ் பிளை என்று ஒருபோதும் கலக்காதீர்கள். ரேடியலின் பிடிப்பு அதிகம் என்பதால் உயர்த்திய பின்பக்கத்தோடு அது சேர்ந்தால் சக்கரம் மடங்குவது இன்னும் மோசமாகும்.

1968-ல் வந்த ட்ரையம்ஃப் விட்டெஸ் மார்க் 2 காரின் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற பின்பக்க அமைப்பை மாற்றிப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம், கோணப் பிரச்சினையே போய்விடும். ஆனால் சேஸிஸில் பிராக்கெட், கீழ் விஷ்போன், வேறு ஆக்ஸில் எல்லாம் வேண்டும், அதன் ரப்பர் கப்ளிங் தேயும்போது மாற்றுவது பெரிய தலைவலி. காலையில் பீச் ரோடு வரை போய்வரும் காருக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.